‘பெற்ற பிள்ளைக்கு நானே எமனாகிவிடுவேனோ?’

முக்கூடல் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 26 வயதுத் தாய் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

தலைப்பிள்ளை, ஆண் குழந்தை. நான்கு மாதம் ஆகப்போகிறது. கணவருக்குத் திருவனந்தபுரத்தில் பேக்கரி வேலை. மாதத்துக்கு இரண்டு தடவை வந்துபோவார். வீட்டில் இவரும் மாமியாரும் பீடி சுற்றுகிறார்கள். குழந்தைக்கு ஆறு வாரம் இருக்கும்போது ஒரு மத்தியான வேளை, தார்சாவில் உட்கார்ந்து இலை வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தொட்டில். திடீரென்று, ‘இந்தக் கத்தரியால் பிள்ளையைக் குத்திவிட்டால்?’ என்று ஓர் எண்ணம். கத்தரியைப் போட்டுவிட்டுப் புறவாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தார்.

அன்று பிடித்தது இன்னும் விடவில்லை. கத்தரியைத் தொடுவதே இல்லை; பீடி வேலை நின்றுவிட்டது. அருவாமனையும் கத்தியும் மச்சுக்குப் போய்விட்டன. தண்ணீரில் அமுக்கிவிடுவோமோ என்ற பயத்தில், பிள்ளையைக் குளிப்பாட்டுவது மாமியார் பொறுப்பாகிவிட்டது. எண்ணம் வரும்போதெல்லாம் 21 தடவை ‘முருகா’ என்று சொல்ல வேண்டும். நடுவே எண்ணம் குறுக்கிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து. கணவரிடம் தினமும் போனில், காரணத்தைச் சொல்லாமல், ‘நான் நல்ல அம்மாதானே? கெட்டது எதுவும் செய்ய மாட்டேனே?’ என்று கேட்கிறார். மாமியார் குறி கேட்டுவிட்டு வந்து, பேச்சியம்மனுக்குச் செய்யவேண்டியது பாக்கி இருக்கிறது என்கிறார்.

இப்போது ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்: பாலை மறக்கடித்துப் பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு, திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் தோழியிடம் போய்விடுவது. “நான் தூரப் போனாத்தான் அவன் பொழைப்பான் டாக்டரம்மா. சில ராத்திரி, நானே இல்லாம போயிட்டா நல்லதுன்னு தோணுது” என்று முடித்திருக்கிறார். அவர் கேட்பவை: எனக்குப் பைத்தியமா? ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொன்னால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்களா, போலீசுக்குச் சொல்வார்களா? மாத்திரை சாப்பிட்டால் தாய்ப்பால் கெடுமா? திருப்பூருக்குப் போவது சரிதானே?

அம்மா, நீங்கள் கடைசியாக எழுதிய வரியிலிருந்து தொடங்குகிறேன். கத்தரி பற்றி எழுதியதைவிட, ‘நானே இல்லாம போயிட்டா’ என்று எழுதியதுதான் எனக்கு அதிகக் கவலையைத் தருகிறது. அந்த எண்ணம் எப்போதாவது வந்து போகிறதா, எப்படி என்று யோசிக்கும் அளவுக்குப் போயிருக்கிறதா என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரியவில்லை. எதுவானாலும், இதை இன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கணவரிடம், உங்கள் அம்மாவிடம், யாரிடமானாலும் சரி. அதுவும் முடியாவிட்டால் 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். ‘டெலி மானஸ்’ என்ற அரசு மனநல உதவி எண் அது. கட்டணம் இல்லை, ராத்திரி எந்நேரமும் தமிழில் பேசுவார்கள். செய்துகொள்ளவே வேண்டும் என்று தோன்றுமானால் போனோடு நிற்க வேண்டாம். 108ஐ அழைத்தோ, யாரையாவது கூட்டிக்கொண்டோ அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

இனி உங்களுக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நேரில் பார்க்காமல் நோயின் பெயரை முடிவாகச் சொல்வது முறையல்ல. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பதில் வரிக்கு வரி ஓசிடியின் சாயல் இருக்கிறது. தமிழில் எண்ண சுழற்சி நோய் என்பார்கள். ஓசிடி என்றால் ஓயாமல் கை கழுவுவதும், பூட்டைப் பத்துத் தடவை இழுத்துப் பார்ப்பதும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். அவை வெளியே தெரிபவை, அவ்வளவுதான். சாமி படத்தின் முன் நிற்கும்போது கெட்ட வார்த்தை மனதில் வருவது, அருவருப்பான காட்சிகள் வந்து போவது, அன்புக்குரியவர்களைத் தாக்கிவிடுவோமோ என்ற பயம் என்று வெளியே தெரியாத வகைகளும் உண்டு. வெட்கத்தால் இவற்றை யாரும் சொல்வதில்லை. மருத்துவரிடம் வரவே பல வருடம் ஆகிவிடுகிறது. நூறு பேரில் ஒருவர் முதல் மூன்று பேர் வரை வாழ்நாளில் ஒரு கட்டத்தில் இந்த நோய்க்கு ஆளாகிறார்கள். கர்ப்பகாலத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் இது புதிதாகத் தொடங்குவதும், ஏற்கனவே இருந்தது கூடுவதும் சகஜம்.

எண்ணம் வேறு, ஆசை வேறு

1978இல் ராக்மன், டி சில்வா என்ற இரு உளவியலாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். எந்த நோயும் இல்லாத சாதாரண ஆட்களிடம், ‘வேண்டாத, அதிர்ச்சி தரும் எண்ணங்கள் உங்களுக்கு வருவதுண்டா?’ என்று கேட்டார்கள். பெரும்பாலோர் ஆமாம் என்றார்கள். அந்த எண்ணங்களையும் ஓசிடி உள்ளவர்களின் எண்ணங்களையும் கலந்து வைத்தபோது, எது யாருடையது என்று பிரித்துச் சொல்வது எளிதாக இல்லை. பிள்ளை பெற்ற பெண்களிடம் பின்னாளில் செய்த ஆய்வுகளும் இதைத்தான் சொல்கின்றன. பிள்ளை கீழே விழுந்துவிடுமோ, மூச்சு முட்டிவிடுமோ என்ற எண்ணம் ஏறக்குறைய எல்லாத் தாய்க்கும் வருகிறது. தானே வேண்டுமென்று தீங்கு செய்துவிடுவது போன்ற எண்ணம் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஒரு தடவையாவது வருகிறது. அவர்கள் எல்லாம் கொலைகாரிகள் இல்லை. ‘சீ, என்ன நினைப்பு இது’ என்று தள்ளிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள்.

நீங்கள் அப்படித் தள்ளிவிடவில்லை. ‘இப்படி ஓர் எண்ணம் எனக்கு ஏன் வர வேண்டும்? உள்ளுக்குள் ஆசை இருப்பதால்தானே?’ என்று அதை விசாரிக்கத் தொடங்கிவிட்டீர்கள். நோய் நுழைந்த இடம் அதுதான். பிள்ளை மேல் உயிரையே வைத்திருக்கும் தாயை, பிள்ளையை வைத்துத்தான் இந்த நோய் மிரட்டும். பக்தி உள்ளவரைச் சாமியை வைத்தும், சுத்தம் பார்ப்பவரை அழுக்கை வைத்தும் மிரட்டும். எண்ணம் வந்ததும் நீங்கள் செய்தது என்ன? கத்தரியைப் போட்டுவிட்டு ஓடி வாந்தி எடுத்தீர்கள். ஆசை உள்ள உடம்பு அப்படி நடந்துகொள்ளாது. இத்தகைய ஓசிடி எண்ணங்கள் இருப்பதாலேயே பிள்ளைக்கு ஆபத்து கூடுகிறது என்று எந்த ஆய்வும் காட்டவில்லை.

இந்த ஆறுதல் உங்களுக்கு எத்தனை நேரம் தாங்கும் என்றும் எனக்குத் தெரியும். சாயங்காலத்துக்குள், ‘டாக்டரம்மாவுக்கு என்னை முழுசாகத் தெரியாதே’ என்று தோன்றும். அதனால்தான் ஆறுதலைச் சிகிச்சை என்று நாங்கள் எண்ணுவதில்லை.

காவலே நோய்க்குத் தீனி

பிள்ளையைக் காப்பாற்ற நீங்கள் செய்திருக்கும் ஏற்பாடுகளைப் பாருங்கள். கத்தரியைத் தொடாமை, அருவாமனையை ஒளித்தது, குளிப்பாட்டாமை, முருகா கணக்கு, கணவரிடம் கேட்கும் கேள்வி. ஒவ்வொன்றும் செய்த உடனே கொஞ்சம் நிம்மதி தருகிறது. ஆனால், ‘ஒளித்து வைத்ததால்தான் இன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை’ என்று மனம் கணக்குப் போட்டுக்கொள்கிறது. ஒளிக்காவிட்டாலும் ஒன்றும் நடந்திருக்காது என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பே அதற்குக் கிடைப்பதில்லை. சொறியச் சொறிய அரிப்பு கூடுவதைப் போல, காவல் கூடக்கூடப் பயமும் கூடுகிறது. முதலில் கத்தரி மட்டும்தான். பிறகு அருவாமனை, பிறகு குளியல், இப்போது பிள்ளை இருக்கும் ஊரே ஆகாது என்றாகிவிட்டது. திருப்பூர் யோசனையும் இந்த வரிசையில் அடுத்தது. தியாகம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அது நோயின் கோரிக்கையாகப் படுகிறது. அங்கே போன பிறகும், ‘ஊருக்குப் போனால் செய்துவிடுவேனோ’ என்ற எண்ணம் கூடவே வரும். நோய் பேசும் நேரத்தில் பிள்ளையைப் பிரியும் முடிவை எடுக்காதீர்கள். பாலையும் நிறுத்த வேண்டாம்.

முருகன் பெயரைச் சொல்வதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. சாயங்காலம் விளக்கேற்றி மனதார ஒரு தடவை சொல்லுங்கள், அது பக்தி. 21 ஆகவில்லை என்றால் பிள்ளைக்கு ஆகாது என்று நடுங்கிக்கொண்டு எண்ணினால், அதை எண்ண வைப்பது நோய். பேச்சியம்மனுக்குப் பொங்கல் வைக்க வேண்டும் என்று மாமியார் சொன்னால் வையுங்கள். அவருக்கும் நிறைவாக இருக்கும். அதற்காக ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். ‘பாக்கி’ என்ற சொல்லை உங்கள் மேல் சாத்திக்கொள்ளவும் வேண்டாம். இது யார் செய்த பாவமும் இல்லை. மூளையின் முன்பகுதிக்கும் ஆழத்தில் உள்ள சில பகுதிகளுக்கும் இடையே ஓடும் சுற்றில் எச்சரிக்கை மணி நிற்காமல் அடிக்கிறது. அதில் பரம்பரைக்கும் பங்கு உண்டு. பிரசவத்தோடு வரும் ஹார்மோன் மாற்றமும் தூக்கக்கேடும் அதைத் தூண்டலாம்.

இதற்கு முதன்மையான பேச்சுச் சிகிச்சை, பயப்படுவதைப் படிப்படியாக எதிர்கொண்டு, வழக்கமாகச் செய்யும் காவல் காரியத்தைச் செய்யாமல் இருக்கப் பழகுவது. 1966இல் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இப்படிச் சிகிச்சை அளித்து எழுதியதிலிருந்து வளர்ந்தது இது. உங்கள் விஷயத்தில் எப்படிப் போகலாம் என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். முதலில், மாமியார் இலை வெட்டும்போது அதே அறையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பது. அது பழகிய பின், தொட்டிலில் பிள்ளை தூங்க, நீங்களே கத்தரியை எடுத்து இலை வெட்டுவது. அருவாமனை அடுக்களைக்குத் திரும்புவது. மாமியார் பக்கத்தில் நிற்கப் பிள்ளையைக் குளிப்பாட்டுவது, அடுத்து அவர் வாசலில் நிற்க, அடுத்து நீங்கள் மட்டும். ஒவ்வொரு படியிலும் எண்ணம் வரும், நெஞ்சு படபடக்கும். ஓடாமல், ‘முருகா’ கணக்கு எண்ணாமல், யாரிடமும் கேட்காமல் இருந்தால் அந்தப் படபடப்பு தானாக அடங்கும். அடங்கத் தாமதமானாலும், அதோடு சேர்ந்தே வேலையைச் செய்ய முடியும் என்று கை பழகிக்கொள்ளும். இதை மருத்துவர் அல்லது உளவியலாளரின் துணையோடு செய்வதே நல்லது. தனியாகப் பெரிய படியில் கால் வைத்துப் பயந்து திரும்பினால், பயத்துக்குத்தான் பலம்.

நான் சொல்வது இலை வெட்டும் நேரத்தை மட்டும். தூள் அடைத்துச் சுற்றும்போது பிள்ளை அந்தப் பக்கமே இருக்கக் கூடாது. புகையிலைத் தூசி அவனுக்கு ஆகாது. இது நோய் சொல்லும் பயம் இல்லை, பீடி சுற்றும் எல்லாத் தாய்மாருக்கும் நான் சொல்வது.

எப்போது அன்றைக்கே ஓட வேண்டும்?

பிரசவத்துக்குப் பின் வரும் இன்னொரு நோயை இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். பைத்தியமா என்று நீங்கள் கேட்டது அதை நினைத்துத்தான். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும் கடுமையான மனநோய் அது. பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே வரும். காதில் குரல் கேட்கும். பிள்ளை சாமியின் அம்சம் என்றோ, பேய் பிடித்தது என்றோ, மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்றோ அசையாத நம்பிக்கை வரும். தூங்காமலே தெம்பாக இருப்பார்கள். பேச்சு நிலைகொள்ளாது, ஆளே மாறிப்போவார்கள். தீங்கு செய்யும் எண்ணம் அவர்களுக்குத் தவறாகத் தெரியாது. பிள்ளைக்கு நல்லது செய்வதாகவே தோன்றும். அது உண்மையான ஆபத்து. அந்தத் தாயையும் பிள்ளையையும் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை. எண்ணம் தப்பு என்று உங்களுக்குத் தெரிகிறது, அதைக் கண்டு பதறுகிறீர்கள். இருந்தாலும் நேரில் பார்க்கும் மருத்துவர் இவற்றையெல்லாம் கேட்பார். சந்தேகப்படுகிறார் என்று நினைக்காமல் உள்ளதைச் சொல்லுங்கள்.

மாத்திரையும் தாய்ப்பாலும்

ஓசிடிக்கு முதலில் கொடுப்பவை மூளையில் செரோடோனின் வேலை செய்யும் விதத்தை மாற்றும் மாத்திரைகள். பாலூட்டும் தாய்க்குப் பெரும்பாலும் செர்ட்ராலினைத் தேர்ந்தெடுப்போம். அது பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது. பால் கெடாது. பிள்ளை சரியாகக் குடிக்கிறதா, வழக்கத்துக்கு மேல் தூங்குகிறதா, எடை ஏறுகிறதா என்று மட்டும் கவனித்துக்கொள்ளச் சொல்வோம். இவை அடிமைப்படுத்தும் மருந்துகள் இல்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும். அதனால் மருத்துவர் சொல்லித்தான் குறைக்க வேண்டும். முதல் ஒன்றிரண்டு வாரம் குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, கொஞ்சம் கூடுதலான படபடப்பு வரலாம். பலன் தெரிய ஆறு வாரம் ஆகலாம். முழுதாகத் தெரியப் பத்துப் பன்னிரண்டு வாரம்கூட ஆகும். மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட அளவும் கூடுதலாகத் தேவைப்படலாம். ‘பதினைந்து நாள் சாப்பிட்டேன், கேட்கவில்லை’ என்று நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம்; நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். குணமான பிறகும் ஒன்றிரண்டு வருடம் தொடர வேண்டியிருக்கும். உங்களுக்கோ குடும்பத்தில் யாருக்குமோ அளவுக்கு மீறிய உற்சாகமும் தூக்கமின்மையுமாக ஒரு காலம் இருந்திருந்தால், மாத்திரை எழுதுவதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தவிருங்கள். மெடிக்கலில் ‘தூக்கம் வரலை, படபடப்பா இருக்கு’ என்று கேட்டு அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். பழக்கமாகிவிடுவது அதுதான். பாலில் கலந்து பிள்ளையையும் மந்தமாக்கும். ஓசிடியையும் தீர்க்காது.

மாத்திரை, பயிற்சி இரண்டும் சேரும்போது பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் நன்றாகக் குறைகிறது. எண்ணம் இனி ஒருநாளும் தலைகாட்டாது என்று நான் சொல்லவில்லை. தூக்கம் கெடும் காலத்தில் எட்டிப்பார்க்கும். அப்போது உங்களைக் கத்தரியிலிருந்து விரட்டும் பலம் அதற்கு இருக்காது. அடுத்த பிள்ளை உண்டாகும்போது முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி வையுங்கள்.

பிள்ளையைப் பிரிப்பார்களா?

மாட்டார்கள். இத்தனை நாள் உங்கள் வாயைக் கட்டிப்போட்டது இந்தப் பயம்தான் என்பதால் விவரமாகச் சொல்கிறேன். உங்களுக்குத் தேவைப்படுவது வந்துபோகும் வெளிநோயாளி சிகிச்சை. அதில் பிரிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. உள்நோயாளியாகச் சேரும் தாய்க்குக்கூட 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் துணை இருக்கிறது. மூன்று வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையைச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்று அதன் 21ஆம் பிரிவு சொல்கிறது. உண்மையான ஆபத்து இருப்பதாக மருத்துவர் கருதிப் பிரித்தாலும், 15 நாளுக்கு ஒரு தடவை அதை மறுபரிசீலனை செய்ய வேண்டும். நீங்கள் சொல்வதை ரகசியமாக வைக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உண்டு. ஒருவருக்கு உயிராபத்து என்பது போன்ற சில நிலைகளில் மட்டுமே அதற்கு விலக்கு. மனதில் வந்த எண்ணம் குற்றம் ஆகாது. போலீசுக்கு அதில் வேலை இல்லை. இந்த எண்ணங்களைக் கேட்டு மனநல மருத்துவர் யாரும் அதிர்ச்சி அடையவும் மாட்டார். எங்களுக்கு இது வாராவாரம் கேட்கும் கதை.

கணவரிடம் முழுவதையும் சொல்லுங்கள், அவர் ஊருக்கு வந்திருக்கும்போது, நேரில். இந்தப் பதிலையே படிக்கக் கொடுக்கலாம். அவருக்கு ஒரு வேண்டுகோள்: தம்பி, ‘நீ செய்யவே மாட்டாய்’ என்று தினமும் சத்தியம் செய்வதை நிறுத்திக்கொள்ளுங்கள். கேட்டால், ‘இது நோய் கேட்கிற கேள்வி, இதுக்கு நான் பதில் சொல்லப் போறதில்ல, நான் உன்கூடத்தான் இருக்கேன்’ என்று சொல்லுங்கள். கோபத்தோடு அல்ல, பரிவோடு. ஒரே நாளில் நிறுத்தினால் அவர் தவித்துப்போவார். மருத்துவரோடு பேசி மெல்ல மெல்லக் குறையுங்கள். அம்மா, உங்கள் மாமியாரிடம், ‘பச்சை உடம்புக்காரிக்கு வரும் பயக் கோளாறு, மருந்து இருக்கு’ என்று சொன்னால் போதும். இராத்திரி ஒரு வேளை அவர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நீங்கள் நான்கைந்து மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கினால், அது பெரிய உதவி.

இனி, எங்கே போவது என்று சொல்கிறேன். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கும் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. பார்ப்பதும் மருந்தும் இலவசம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் உங்களுக்கு அருகில் உள்ள எந்த அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று, தடுப்பூசிக்கு வரும் நர்ஸம்மாவிடம் கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை, ‘தூக்கமே இல்லை’ என்றால் போதும். உள்ளே போனதும் பேச்சு வராமல் போகலாம். ஒரு தாளில் நான்கு வரி எழுதி எடுத்துப் போய் நீட்டுங்கள்: ‘பிள்ளைக்கு நானே தீங்கு செய்துவிடுவேனோ என்ற எண்ணம் வேண்டாமல் வருகிறது. அதைக் கண்டு பயப்படுகிறேன். கத்தியைத் தொடுவதில்லை, ‘முருகா’ என்று திரும்பத் திரும்ப எண்ணிச் சொல்கிறேன். சில இரவுகளில் நானே இல்லாமல் போய்விடலாம் என்று தோன்றுகிறது.’ பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டையும் பிள்ளையின் தடுப்பூசி அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்; தைராய்டும் ரத்த அளவும் பார்க்கச் சொல்வார்கள். வெளிநோயாளி சீட்டு காலையில்தான் போடுவார்கள், முதல் பஸ்ஸுக்கே கிளம்புங்கள். பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போங்கள், உங்கள் கையாலேயே.